ஹை பிரஸ் ஜெயிப்பதும் தோற்பதும் பின்வரிசையில்

கால்பந்தில் ஒரு காட்சி: எதிரணி கோல்கீப்பரின் காலில் பந்து இருக்கிறது. ஹை பிரஸ் ஆட, அதாவது எதிரணியின் பக்கத்துக்கே ஏறிப் போய் நெருக்கிப் பந்தைப் பறிக்க நினைக்கும் அணி முதலில் போட வேண்டியது ஆள் கணக்கு. அவர்களிடம் கோல்கீப்பரையும் சேர்த்து 11 பேர். நம் கோல்கீப்பர் நம் கோலைக் காத்து நிற்பதால் நம்மிடம் 10 பேர். ஆளுக்கு ஆள் பிடித்தாலும் அவர்களில் ஒருவர் எப்போதும் சும்மா நிற்பார். அவர்களுடைய இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்கு மூன்று டிஃபென்டர்கள் என்று ஒருவரைக் கூடுதலாகப் பின்னால் நிறுத்தினால், முன்னால் அவர்களில் இரண்டு பேர் சும்மா நிற்பார்கள்.

அந்த விடுபட்ட ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்பே நாம் முடிவு செய்துவிட்டால் அதற்குப் பெயர் பிரஸ். இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டம். 4-3-3, 3-4-3, 4-2-2-2 என்று பின்வரிசை முதல் முன்வரிசை வரை வரிசைக்கு எத்தனை பேர் எனச் சொல்லும் எண்களெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு அணியும் எழுதும் பதில்தான்.

கணக்கில் குறையும் ஒருவரை ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. முதலாவது நிழல். பந்து வைத்திருப்பவரை நோக்கி ஓடுபவர், தன் முதுகுக்குப் பின்னால் ஒரு எதிராளியை மறைத்தபடியே ஓட வேண்டும். பந்து, ஓடுபவர், மறைக்கப்படுபவர் மூவரும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்வரை அந்தப் பாஸ் போகாது. ஒருவர் இருவருக்குச் சமமாவது இப்படித்தான். அதனால்தான் நல்ல பிரஸ்ஸில் யாரும் நேராக ஓடுவதில்லை. வில் போல வளைந்து ஓடுகிறார்கள். இடது சென்டர் பேக்கிடமிருந்து (பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்டர்) பந்து கோல்கீப்பருக்குத் திரும்பினால், ஸ்ட்ரைக்கர் அந்தச் சென்டர் பேக்கின் பக்கத்திலிருந்தே வளைந்து வர வேண்டும். வந்த வழிப் பாஸ் மறுபடி அடைபடும், கோல்கீப்பர் வலது பக்கம்தான் ஆட முடியும். நேராக ஓடினால் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். கோல்கீப்பருக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை.

இரண்டாவது வழி டச்லைன், அதாவது மைதானத்தின் பக்கக் கோடு. மைதானத்தின் நடுவில் பந்து வைத்திருப்பவருக்கு எல்லாத் திசையும் திறந்திருக்கும். கோட்டை ஒட்டி நிற்கும் ஓரத்து டிஃபென்டரான ஃபுல் பேக்குக்குப் பாதித் திசைதான். சம்பளம் வாங்காத பதினோராவது ஆள் அந்தக் கோடு. பெரும்பாலான பிரஸ்கள் பந்தை ஃபுல் பேக்கிடம் தள்ளிவிட்டு அங்கே சுருக்கை இறுக்குவது இந்தக் காரணத்தால்தான்.

இனி நேரம். 20 மீட்டர் தரைப் பாஸ் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். ஏற்கெனவே மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் அதற்குள் 10 மீட்டர் வரை நெருங்கிவிடுவார். ஆகவே பாஸ் கொடுப்பவரின் காலை விட்டுப் பந்து கிளம்பும்போது ஓட ஆரம்பிக்க வேண்டும். பந்து சேர்ந்த பிறகு கிளம்புபவர், வாங்கியவர் நிமிர்ந்து பார்த்துத் திரும்பி அடுத்த பாஸையும் கொடுத்த பிறகுதான் போய்ச் சேருவார். தொலைக்காட்சியில் பார்க்கும்போது இரண்டு ஓட்டமும் ஒரே மாதிரி வேகமாகத்தான் தெரியும். தொடங்கிய கணம்தான் வேறு.

எதைப் பார்த்துக் கிளம்புவது? பின்னோக்கிய பாஸ், மெதுவாக உருளும் பாஸ், குதித்துக்கொண்டு வரும் பந்து, முதல் தொடுகையிலேயே உடலை விட்டு விலகும் பந்து, நம் கோலுக்கு முதுகு காட்டி வாங்குபவர், பழக்கமில்லாத காலுக்கு வரும் பந்து. ஆறையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது. இரண்டைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பப் பழகுவது மேல். ஏழு பேர் கிளம்பி மூன்று பேர் யோசிப்பதைவிட, பத்துப் பேரும் தவறான நேரத்தில் கிளம்புவதுகூடச் சேதம் குறைவு.

கடைசி இரண்டு மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைக்க வேண்டும். குட்டிக் காலடிகள், பக்கவாட்டில் திரும்பிய உடல், முழங்கால் மடக்கம். முழு வேகத்தில் போய்ப் பாய்ந்தால் ஒரே வெட்டில் எதிராளி தாண்டிவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து கட்டிய வலையில் நடுவே ஓட்டை. முதலில் போகிறவரின் வேலை பந்தைப் பறிப்பதல்ல, எதிராளியின் தலையைக் குனிய வைப்பது. பறிக்க வேண்டியவர் இரண்டாவதாக வருபவர்.

ஃபார்மேஷன்கள் எழுதும் பதில்

பயிற்சியாளர் யூர்கன் கிளாப்பின் லிவர்பூல் ஆடிய 4-3-3ஐ எடுத்துக்கொண்டால், முன்னால் நிற்கும் மூவரும் ஒடுக்கமாக நிற்பார்கள். நடுவில் ஃபிர்மினோ, எதிரணி டிஃபென்டர்களுக்குச் சற்று முன்னால் நிற்கும் ஹோல்டிங் மிட்ஃபீல்டரைத் தன் நிழலில் வைத்திருப்பார். முன்வரிசையின் ஓரங்களில் ஆடும் விங்கர்களான சலாவும் மானேவும் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வளைந்து, ஃபுல் பேக்குக்குப் போகும் பாஸை மறைத்தபடி சென்டர் பேக்கை நெருக்குவார்கள். இங்கே விடப்பட்ட ஆள் ஃபுல் பேக். ஆனால் அவருக்குப் பந்து போக வேண்டுமானால் விங்கரின் தலைக்கு மேல் தூக்கித்தான் அடிக்க வேண்டும். தூக்கிய பந்து காற்றில் மிதக்கும் நேரத்தில் பக்கத்து மிட்ஃபீல்டரோ நம் ஃபுல் பேக்கோ வந்து சேர்ந்துவிடுவார். இந்த அமைப்பின் உயிர்நாடி அந்த மிட்ஃபீல்டரின் பக்கவாட்டு ஓட்டம். அவர் களைத்த நாளில் விங்கரின் உழைப்பு முழுக்க வீண்.

அதே 4-3-3இல் விங்கர் தவறாக நேர்கோட்டில் ஓடினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். சென்டர் பேக் தரையிலேயே ஃபுல் பேக்குக்குத் தள்ளுவார். நம் ஃபுல் பேக் 25 மீட்டர் ஏறி வர வேண்டும். அவர் விட்டு வந்த இடத்தில் எதிரணி விங்கர் ஓடுவார். நம் சென்டர் பேக் அவரைத் தேடி ஓரத்துக்கு இழுபடுவார். கோல் விழுந்த பிறகு எல்லோரும் சென்டர் பேக்கைத் திட்டுவார்கள். தப்பு தொடங்கியது 60 மீட்டர் முன்னால், ஒரு விங்கரின் நேர்கோட்டில்.

4-2-3-1 பந்து இல்லாதபோது பெரும்பாலும் 4-4-2 ஆகிவிடும். ஸ்ட்ரைக்கரும் அவருக்குச் சற்றுப் பின்னால் ஆடும் பத்தாம் எண்ணும் இரண்டு சென்டர் பேக்குகளை மாறி மாறிக் கவனிப்பார்கள். ஒருவர் பந்துக்குப் போனால் மற்றவர் இறங்கி ஹோல்டிங் மிட்ஃபீல்டரை மூட வேண்டும். கற்றுக்கொடுக்க எளிது. புதிதாகப் பிரஸ் பழகும் அணி இங்கிருந்து தொடங்குவது நல்லது. எதிரணி மூன்று சென்டர் பேக்குகளோடு ஆடினால் இருவருக்கு மூவர் என்று திணறும், அவ்வளவே.

பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக் வழிவந்த அணிகள் விரும்பும் 4-2-2-2 நடுவில் ஆறு பேரை அடைத்து, ஓரங்களை வேண்டுமென்றே திறந்து வைக்கிறது. பந்து ஓரத்துக்குப் போனதும் ஆறு பேரும் சேர்ந்து அந்தப் பக்கம் சாய்வார்கள். ஒரு நல்ல நீளப் பாஸ் எதிர்ப்பக்கம் போனால் முழு அணியும் 40 மீட்டர் திரும்ப ஓட வேண்டும் என்பது இதன் பலவீனம்.

பயிற்சியாளர்கள் மார்செலோ பியெல்சாவும் கியான் பியெரோ கஸ்பெரினியும் கணக்கை வேறு மாதிரி போட்டார்கள்: மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள். பியெல்சா பின்னால் ஒருவரைக் கூடுதலாக வைத்து, அதற்கு ஈடாகத் தன் ஸ்ட்ரைக்கரை இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே ஓடவிடுவார். கஸ்பெரினி 2016 முதல் 2025 வரை பயிற்றுவித்த அடலாண்டா அணியில் சென்டர் பேக்கே எதிரணி ஸ்ட்ரைக்கரைத் துரத்திக்கொண்டு மைதானத்தின் நடுப்பகுதி வரை போவார். 2024 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில், அந்தப் பருவத்தில் அதுவரை தோற்காத லெவர்குசனை அடலாண்டா 3-0 என்று வென்றது. மூன்று கோலும் லுக்மன் போட்டவை. இந்த முறையில் குழப்பமே கிடையாது, ஒவ்வொருவருக்கும் தன் ஆள் யார் என்று தெரியும். ஆனால் ஒருவர் ஏமாந்தால் அவருக்குப் பின்னால் யாருமில்லை.

அரைக்கோடு என்னும் எல்லை

பிரஸ்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் முன்வரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் பின்வரிசை எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது.

ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும்போது பந்தையும் எதிரணியின் கடைசி டிஃபென்டரையும் தாண்டி நிற்பது) விதிப்படி, தன் சொந்தப் பாதியில் நிற்பவர் ஆஃப்சைடு ஆக மாட்டார். ஆகவே நம் பின்வரிசை அரைக்கோட்டைத் தாண்டி ஏறினாலும் அதற்குமேல் ஆஃப்சைடின் உதவி கிடைக்காது. 105 மீட்டர் மைதானத்தில் அரைக்கோடு எதிரணி கோல்லைனிலிருந்து 52.5 மீட்டரில் இருக்கிறது. நம் ஸ்ட்ரைக்கர் அவர்களது பெனால்டி பாக்ஸ் விளிம்பில், அதாவது 16.5 மீட்டரில் நின்றால், அவருக்கும் பின்வரிசைக்கும் இடையே 36 மீட்டர். கோல்கீப்பரையே நெருக்க 6 மீட்டர் வரை போய்விட்டால் அது 46.5 மீட்டர் ஆகிவிடுகிறது.

அர்ரிகோ சாக்கி தன் மிலான் அணியில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 25 மீட்டர் அளவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1989, 1990 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை அவர்களிடம் போனது. 46.5 மீட்டர் என்பது ஏறத்தாழ அதன் இருமடங்கு. இந்த அகலத்தில் மிட்ஃபீல்டுக்கும் பின்வரிசைக்கும் நடுவே ஒரு முழு வயல் திறந்துவிடும். கோல்கீப்பரை நெருக்குவதுதான் பிரஸ்ஸிலேயே மிகச் செலவான வேலை. அவருக்கு வந்த பாஸ் மோசமாக இருந்தால் மட்டும் போக வேண்டும். சும்மா போகக் கூடாது. போனால் அந்த நேரத்துக்கு மிட்ஃபீல்டர்கள் மூவரும் இடத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தாக வேண்டும்.

பின்வரிசை ஏறுவதா இறங்குவதா என்பதற்கு ஒரே அளவுகோல் பந்து வைத்திருப்பவரின் நிலை. தலை குனிந்து, முதுகு காட்டி, பக்கத்தில் ஆளோடு இருந்தால் பந்து மூடியிருக்கிறது: ஏறு. தலை நிமிர்ந்து, கால் வீச இடமிருந்தால் பந்து திறந்திருக்கிறது: உடனே திரும்பி ஐந்தாறு மீட்டர் இறங்கு. பந்து திறந்திருக்கும்போது கோட்டிலேயே நிற்பது தற்கொலை. 2020 அக்டோபர் 4 அன்று ஆஸ்டன் வில்லா அணி லிவர்பூலை 7-2 என்று அடித்த ஆட்டத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சில கோல்கள் டிஃபென்டர் மேல் பட்டுத் திசை மாறியவை, ஒன்று கோல்கீப்பரின் தப்பு, அதையெல்லாம் கழித்துவிடலாம். ஆனால் பந்து வைத்திருந்தவரை நெருக்க ஆளில்லாமலே பின்வரிசை உயரத்தில் நின்றது. வாட்கின்ஸும் கிரீலிஷும் அதன் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

தலைகீழ்த் தப்பும் உண்டு; கீழ்நிலைப் போட்டிகளில் அதுதான் அதிகம். முன்வரிசை உற்சாகமாக ஏறுகிறது, முதுகுக்குப் பின்னால் அடிபடும் பயத்தில் பின்வரிசை பத்தடி பின்வாங்குகிறது. அணி இரண்டாகக் கிழிகிறது. எதிரணி கோல்கீப்பர் நீளமாக அடிக்கிறார், தலையில் பட்ட பந்து நடுவில் விழுகிறது, அங்கே நம் ஆள் ஒருவருமில்லை. இப்படி ஆடுவதைவிட எல்லோரும் சேர்ந்து இறங்கி அரைக்கோட்டில் காத்திருப்பது ஆயிரம் மடங்கு தேவலை.

கடைசிக் காவல் கோல்கீப்பர். பின்வரிசை அரைக்கோட்டில் இருக்கும்போது அவர் பெனால்டி பாக்ஸ் கோட்டிலோ அதற்குச் சில மீட்டர் வெளியிலோ நிற்க வேண்டும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் மானுவல் நொயர் பாக்ஸுக்கு வெளியே மறுபடி மறுபடி ஓடி வந்து பந்தை வெட்டியது இதற்கு நல்ல பாடம். ஜெர்மனியின் மெதுவான பின்வரிசையை அன்று காப்பாற்றியது அவரது கால்கள்.

தாக்கும்போதே போடும் காவல்

மேலே சொன்னது எதிரணி நிதானமாகப் பந்தைக் கட்டி எழுப்பும் நேரம். நாம் தாக்கும்போது பந்தை இழந்தால் நடப்பது வேறு கதை.

இன்றைய பெரிய அணிகள் காகிதத்தில் எந்த எண்ணை எழுதினாலும், தாக்கும்போது ஏறக்குறைய ஒரே உருவத்துக்கு வந்துவிடுகின்றன: முன்னால் ஐந்து, நடுவில் இரண்டு, பின்னால் மூன்று. மைதானத்தை நெடுக்காக ஐந்து பட்டைகளாகப் பிரித்தால் ஐந்து பேரும் பட்டைக்கு ஒருவராக நிற்பார்கள். நான்கு டிஃபென்டர்கள் உள்ள அணியால் ஐந்தையும் மூட முடியாது. பின்னால் நிற்கும் ஐவர்தான் காவல். 2022-23 பருவத்தில் மான்செஸ்டர் சிட்டி மூன்று கோப்பைகளை வென்றபோது, சென்டர் பேக்கான ஜான் ஸ்டோன்ஸ் ஏறி வந்து ரோட்ரிக்குப் பக்கத்தில் நின்றதும் இந்த இரண்டு என்ற எண்ணை நிரப்பத்தான். இரண்டு ஃபுல் பேக்குகளும் ஒரே நேரத்தில் ஓரத்தில் ஏறி, நடுவில் ஒரேயொரு மிட்ஃபீல்டர் மிஞ்சினால், பந்து போன மறுகணம் அவரது இரு பக்கமும் காலி.

பந்து போன முதல் சில வினாடிகள் பொன்னானவை. பந்தைப் பறித்தவரின் கண் பந்தில் இருக்கும், மைதானத்தில் இருக்காது. அவரது கூட்டாளிகள் காவலுக்காக ஒடுங்கி நின்றவர்கள், இன்னும் விரியவில்லை. குவார்டியோலாவின் பார்சிலோனா ஐந்தாறு வினாடிகள் நெருக்கிவிட்டு, கிடைக்காவிட்டால் பின்வாங்கும். ராங்னிக் எட்டு வினாடி என்று கணக்கு வைத்துப் பழக்கினார். எண் எதுவானாலும், முடிந்ததும் நிறுத்தத் தெரிய வேண்டும். பத்தாவது வினாடியிலும் துரத்துபவர் தன் இடத்தைப் பரிசாகக் கொடுக்கிறார்.

இதில் கவனிக்கப்படாத ஒன்று: பாஸ் எவ்வளவு நீளமோ, இழப்புக்குப் பின் தனிமையும் அவ்வளவு. 10 மீட்டர் பாஸ் வெட்டுப்பட்டால் சுற்றிலும் நம் ஆட்கள் மூன்று பேர் இருப்பார்கள். 40 மீட்டர் பாஸ் வெட்டுப்பட்டால் ஒருவர் இருப்பதே அபூர்வம். குட்டிப் பாஸ் ஆடும் அணிகள் பந்தைச் சீக்கிரம் மீட்பதற்கு ஓட்டத்தைவிட இந்த நெருக்கமே முதல் காரணம்.

கோல் கிக்

1992இல் கூட்டாளி காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வந்தது. அதன் பிறகுதான் கோல்கீப்பர் வரை துரத்துவதில் அர்த்தமே வந்தது. 2019இல் கோல் கிக் (பந்து கோல்லைனைத் தாண்டி வெளியே போன பின் கோலருகிலிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடர்வது) விதி மாறி, பந்து பாக்ஸை விட்டு வெளியேறாமலே ஆட்டத்தில் சேரலாம் என்றானது. பந்து நகரும்வரை நம் ஆட்கள் பாக்ஸுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆகவே ஸ்ட்ரைக்கர் பாக்ஸுக்கு வெளியே உள்ள வளைவில் நின்று, பந்து நகர்ந்த அதே கணத்தில் கிளம்ப வேண்டும்.

கோல் கிக்கிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. த்ரோ இன், கார்னருக்கும் அப்படியே. இதை மறந்து அரைக்கோட்டில் வரிசை கட்டி நிற்கும் பின்வரிசைக்குப் பின்னால் எதிரணி ஸ்ட்ரைக்கர் நிதானமாகப் போய் நிற்பார். கோல்கீப்பரின் ஓங்கிய உதையில் ஆட்டம் முடிந்தது. அந்த முதல் உதைக்கு மட்டும் ஒரு சென்டர் பேக் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்றே ஆக வேண்டும்.

தூண்டில்

பிரஸ் பரவியதும் அதை உடைக்கும் வித்தையும் வளர்ந்தது. ராபர்ட்டோ டி செர்பி 2022 முதல் 2024 வரை பயிற்றுவித்த பிரைட்டன் அணியில் சென்டர் பேக்குகள் பந்தின்மேல் உள்ளங்காலை வைத்து அசையாமல் நிற்பார்கள். நெருங்குபவர் வந்து பாயட்டும் என்பதே எண்ணம். பாய்ந்ததும் மிட்ஃபீல்டருக்கு ஒரு பாஸ், அவர் ஒரே தொடுகையில் திறந்திருக்கும் மூன்றாமவருக்கு. அவ்வளவுதான், முன்வரிசை முழுவதும் கழன்றுவிடும். இதற்கு மருந்து பொறுமை. பந்து நகராதவரை நாமும் நகரக் கூடாது. அந்த மிட்ஃபீல்டரைப் பிடிப்பவர் அவர் முதுகை ஒட்டி, ஒரு கை தூரத்தில் இருந்தால் முதல் தொடுகையே தடுமாறும்.

உடல் களைப்பு இன்னொன்று. 90 நிமிடம் முழுக்க யாராலும் நெருக்க முடியாது. முதல் 15 நிமிடம், இடைவேளைக்குப் பின் முதல் 10 நிமிடம், கோல் போட்ட பிறகு சில நிமிடம் என்று தவணை முறையில் ஏறிவிட்டு, மற்ற நேரம் அரைக்கோட்டுக்கு அருகில் ஒடுங்கி நிற்பதே நடைமுறை. ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் விதி நிலைத்த பிறகு 60ஆவது நிமிடத்தில் இரண்டு விங்கர்களையும் ஒன்றாக மாற்றுவது சாதாரணமாகிவிட்டது. வளைந்து ஓடும் வேலை அவர்கள் கால்களைத்தான் முதலில் தின்கிறது.

பயிற்சிக்கு ஒன்று சொல்லலாம். அரை மைதானம், எட்டுக்கு எட்டு, இரண்டு கோல்கீப்பர்கள். பந்தை இழந்து ஆறு வினாடிக்குள் மீட்டுப் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி, மற்றதற்கு ஒன்று. நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று. முக்கிய நிபந்தனை: கோல் விழும்போது போட்ட அணியின் பின்வரிசை குறித்த கோட்டைத் தாண்டி ஏறியிருக்காவிட்டால் கோல் செல்லாது. முதல் வாரம் எல்லோரும் முணுமுணுப்பார்கள். மூன்றாவது வாரம் சென்டர் பேக்குகளே மிட்ஃபீல்டரைக் கத்தி முன்னால் தள்ளுவார்கள்.

அளவிட ஆசைப்படுபவர்கள் பிபிடிஏ என்ற எண்ணைப் பார்ப்பார்கள். எதிரணி தன் பக்கத்து 60 சதவீத மைதானத்தில் கொடுத்த பாஸ்களை, அங்கே நாம் செய்த டேக்கிள், இடைமறிப்பு, ஃபவுல் போன்றவற்றின் எண்ணிக்கையால் வகுப்பது. 300 பாஸுக்கு 30 செயல் என்றால் 10. எண் குறையக் குறைய நெருக்கம் அதிகம். ஆனால் நெருக்கியது பலித்ததா என்று இது சொல்லாது. இந்த எண்ணைவிட ஆட்டத்தின் வீடியோ உபயோகமானது. எதிரணி கோல்கீப்பர் நீளமாக அடிக்கும் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி, நம் ஸ்ட்ரைக்கருக்கும் கடைசி டிஃபென்டருக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று புல் பட்டைகளை வைத்து எண்ண வேண்டும். அப்படியே ஹோல்டிங் மிட்ஃபீல்டர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும். பந்து விழப்போகும் இடத்துக்கு அவர் முதுகைக் காட்டி நின்றால் அடுத்த நாள் பயிற்சியை அவரிடமிருந்து தொடங்கலாம்.